ஐயத்தின் இன்பம்: தமிழில் அறிவியல் புனைகதையும் அமானுஷ்ய மர்ம நாவலும்

முன்னுரை

தமிழ்ப் புனைகதைத் திறனாய்வில் நெடுங்காலமாக ஒரு பாகுபாடு நிலவி வருகிறது. ஒருபுறம் இலக்கிய நாவல். மறுபுறம் பொழுதுபோக்கு நாவல். முன்னதற்குக் கருத்தரங்குகளும் ஆய்வேடுகளும் உரியன. பின்னதற்கு விற்பனை உரியது. அதற்கு மேல் அதனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். அறிவியல் புனைகதையும் பேய், தெய்வம், மறுபிறவி, சித்தர் மறைபொருள் ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட அமானுஷ்ய மர்ம நாவலும் இப்பாகுபாட்டின் மறுபுறத்திலேயே நிறுத்தப்பட்டுள்ளன. ஆயினும் பாடத்திட்டத்தின் கட்டாயமின்றி, தானே விரும்பி ஒரு தமிழ் நூலைக் கையிலெடுக்கும் மாணவர் பெரும்பாலும் எடுப்பது இவற்றைத்தான் என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். விரும்பிப் படிக்கப்படும் ஒன்றைப் பற்றி நம்மிடம் அளவுகோலே இல்லை என்றால், குறைபாடு படிப்பவரிடத்தில் மட்டும் இருப்பதாகக் கருத இயலாது.

இவ்விரு வகை நாவல்களின் கவர்ச்சி எதில் அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. வியப்பான பொருள்களிலோ அச்சமூட்டும் நிகழ்ச்சிகளிலோ அக்கவர்ச்சி அடங்கிவிடவில்லை. விளக்கம் ஒன்று வரும் என்ற எதிர்பார்ப்பிலும், அது வரும்வரை நீடிக்கும் ஐயத்திலுமே அது தங்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. விளக்கம் வந்த பிறகும் உயிரோடு நிற்கும் ஒரு வினா நூலில் இருக்கிறதா என்பதைக் கொண்டு இவ்வகை நூல்களைத் தரம் பிரிக்கலாம் என்பது அதன் தொடர்ச்சி. புதுமைப்பித்தன், சுஜாதா, இந்திரா சௌந்தர்ராஜன் ஆகிய மூவரின் சில படைப்புகள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

மருட்கையும் அச்சமும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் மருட்கையும் அச்சமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மருட்கை எனப்படும் வியப்புக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன. அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன நிலைக்களன்களாகின்றன. இவ்விரு பட்டியல்களையும் இன்றைய வாசகர் கண்கொண்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இதுவரை காணாத கருவி, அண்டவெளியின் பேரளவு, நுண்ணுயிரியின் சிற்றளவு, ஒன்று வேறொன்றாக ஆகி வருதல் ஆகியவை அறிவியல் புனைகதையின் நிலையான பொருள்கள். அணங்கும் விலங்கும் கள்வரும் தண்டிக்கும் அதிகாரமும் மர்ம நாவலின் நிலையான பொருள்கள். தொல்காப்பியர் நாவல் வகைகளைக் கூறினார் என்பது இதன் பொருளன்று. இவ்வகைகள் கிளர்த்தும் உணர்வுகள் புதியனவல்ல. தமிழ்க் கவிதையியல் முன்பே பெயரிட்டு வைத்தவை என்பதே கருதத்தக்கது.

மருட்கையைக் கூறுமிடத்து, அது அறிவு நிரம்பாத நிலையோடு தொடர்புடையது என்ற கருத்தமைந்த அடைமொழி ஒன்றும் அங்கே தரப்படுகிறது. முழுமையாக அறிந்த பொருளைக் கண்டு யாரும் வியப்பதில்லை. சிறிதும் அறியாத பொருளும் வியப்பைத் தருவதில்லை. அது வெறும் குழப்பத்தையே தரும். பாதி அறிந்தும் பாதி அறியாமலும் நிற்கும் நிலையே வியப்பின் விளைநிலம். அச்சமும் அவ்வாறே. இருட்டில் நிற்பது மரம் என்று தெரிந்துவிட்டால் அச்சம் நீங்கும். பேய்தான் என்று முடிவாகிவிட்டாலோ அச்சம் வேறொன்றாக, தப்பிக்கும் முயற்சியாக, மாறிவிடும். மரமா பேயா என்னும் ஐயம் நீடிக்கும் வரைதான் அது அச்சம்.

இக்கருத்தை மேலைத் திறனாய்வில் வேறு வழியில் வந்தடைந்தவர் த்ஸ்வெதான் தொதரோவ். 1970இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவரது நூல், நாம் அறிந்த உலகின் விதிகளுக்கு அடங்காத நிகழ்ச்சி ஒன்று கதையில் நேரும்போது வாசகருக்கு ஏற்படும் தயக்கத்தையே அடிப்படையாகக் கொண்டு இவ்வகை இலக்கியத்தை வரையறுக்கிறது. அந்நிகழ்ச்சி உலகியல் விதிகளுக்குள்ளேயே விளக்கப்பட்டுவிட்டால் அது விநோதக் கதை. புதியதொரு விதியை ஏற்க நேர்ந்தால் அது அற்புதக் கதை. இரண்டுக்கும் இடையில் முடிவு காணாமல் நிற்கும் வரையே அது அவர் கருதிய தூய வகை. டார்கோ சுவின் 1979இல் வெளியிட்ட நூலில் அறிவியல் புனைகதையை அறிதலும் அந்நியப்படுத்தலும் இணைந்த வகையாகக் கண்டார். நமது உலகில் இல்லாத ஒரு புதுப்பொருளைப் புகுத்தி, அதன் விளைவுகளைத் தருக்க முறையில் தொடர்ந்து செல்லும்போது, நமது உலகமே நமக்குப் புதிதாகத் தெரியத் தொடங்குகிறது என்பது அவர் வாதம். தொதரோவ் ஐயத்தை முதன்மைப்படுத்தினார். சுவின் அறிதலை முதன்மைப்படுத்தினார். தமிழ் நாவல்களை நோக்கும்போது இவ்விரண்டும் தனித்தனியே நிற்பதில்லை என்பதைக் காணலாம்.

பொறியும் தெய்வமும்

தமிழ் மரபில் இயந்திரமும் தெய்வமும் ஒன்றையொன்று விலக்கியதில்லை. சீவக சிந்தாமணியில் கட்டியங்காரனின் சூழ்ச்சியை உணர்ந்த சச்சந்தன், கருவுற்றிருக்கும் விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். திருகும் திசைக்கேற்ப ஏறவும் இறங்கவும் வல்ல அப்பொறியைத் தச்சனைக் கொண்டு செய்வித்ததும், அரசி அதனைச் செலுத்தப் பழகியதும் காப்பியத்தில் சொல்லப்படுகின்றன. அப்பொறி சென்று இறங்கும் இடம் சுடுகாடு. அங்கே சீவகன் பிறக்கிறான். தோழி சண்பகமாலையின் உருக்கொண்டு தெய்வம் ஒன்று வந்து உதவுகிறது. மனிதன் செய்த பொறியும் மனிதன் செய்யாத தெய்வமும் ஒரே சுடுகாட்டில் அடுத்தடுத்து நிற்பதில் திருத்தக்கதேவர் எவ்வித முரணையும் காணவில்லை.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் பற்றிய பகுதி இன்னும் ஆழமானது. சார்ங்கலன் என்னும் இளைஞன் தனியே சுடுகாட்டுக்குள் சென்று பேயைக் கண்டு அஞ்சி, வீட்டிற்கு ஓடிவந்து தாயிடம் கூறி உயிர் விடுகிறான். கதை இத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு பேய்க்கதை. ஆனால் தாய் கோதமை சம்பாபதியிடம் சென்று, தன் உயிரை எடுத்துக்கொண்டு மகன் உயிரைத் தருமாறு மன்றாடுகிறாள். அது எந்தத் தெய்வத்தாலும் இயலாது என்பதைச் சம்பாபதி அவளுக்கு உணர்த்துகிறாள். பேய் தோற்றுவித்த அச்சம் இங்கே இறப்பைப் பற்றிய வினாவாக வளர்கிறது. பேய் உண்டா இல்லையா என்று சாத்தனார் வாதிடவில்லை. இழந்த மகனை மீட்க முடியுமா என்ற தாயின் வினாவுக்கே அவர் பேயைப் பயன்படுத்துகிறார். அச்சத்தை வினாவாக வளர்க்கும் இந்த ஆற்றலையே இவ்வகைப் புனைவின் உயர்ந்த அளவாகக் கொள்ளத் தோன்றுகிறது.

புதுமைப்பித்தனின் காஞ்சனை

நவீன உரைநடையில் ஐயத்தைக் கலைவடிவமாக்கிய முன்னோடி புதுமைப்பித்தன் எனலாம். அவரது ‘காஞ்சனை’ சிறுகதையில் கதைசொல்லி ஓர் எழுத்தாளர், படித்தவர், நகரத்தில் வாழ்பவர். வீட்டிற்கு வேலைக்காரியாக வந்து சேரும் பெண்ணைச் சுற்றி விளக்கவியலாத நிகழ்ச்சிகள் நேர்கின்றன. இறுதிவரை அவற்றுக்கு உறுதியான விளக்கம் தரப்படுவதில்லை. மூடநம்பிக்கை கொண்ட ஒருவர் இக்கதையைக் கூறியிருந்தால் வாசகர் எளிதில் அதனை ஒதுக்கிவிடலாம். நம்பாத ஒருவரே அஞ்சுகிறார் என்பதில்தான் கதையின் வலிமை உள்ளது. நம்பிக்கையும் அச்சமும் ஒன்றல்ல. அறிவு மறுப்பதை உடல் ஏற்கக்கூடும் என்பதை இக்கதை உணர்த்துகிறது. பிராய்டு 1919இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நாம் கடந்துவிட்டதாகக் கருதும் பழைய நம்பிக்கைகள் மெய்யாகிவிடுவன போல் தோன்றும் கணங்களிலேயே இத்தகைய உணர்வு எழுகிறது என்று விளக்கியிருப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. கல்வியால் நீங்கிய ஒன்று முழுமையாக நீங்கிவிட்டதா என்பதே ‘காஞ்சனை’ விட்டுச்செல்லும் வினா. அவ்வினா அக்கால வாசகருக்கு மட்டும் உரியதன்று.

கொலையுதிர் காலம்: விளக்கத்தை நம்புதல்

சுஜாதா என்னும் பெயரில் எழுதிய ரங்கராஜன் (1935–2008) மின்னணுப் பொறியாளர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். ஜூனியர் விகடனில் வாசகர்களின் அறிவியல் வினாக்களுக்கு அவர் விடையளித்த ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியும், மூளையைப் பற்றிய ‘தலைமைச் செயலகம்’ நூலும் தமிழில் அறிவியலை எளிய நடையில் பேசும் வழக்கத்தைப் பரவலாக்கின. அவரது புனைகதையை அணுகும்போது இப்பின்புலம் மறக்கத்தக்கதன்று.

குமுதத்தில் தொடராக வந்த ‘கொலையுதிர் காலம்’ வழக்கறிஞர் கணேஷும் அவரது உதவியாளர் வசந்தும் ஈடுபடும் மர்ம நாவல். பழைய மாளிகை, அக்குடும்பத்தில் வழங்கிவரும் பேய்க்கதை, தொடரும் மரணங்கள் என்று அச்சக் கதைக்குரிய உறுப்புகள் அனைத்தும் இதில் உள்ளன. அதே வேளையில் ஹோலோகிராம் எனப்படும் முப்பரிமாண ஒளியுருவம் பற்றிய பேச்சும் கதையில் நுழைகிறது. கணேஷ் அறிவியல் விளக்கத்தை நாடுபவர். வசந்த் அவ்வளவு உறுதியுடையவர் அல்லர். தொதரோவ் கூறும் தயக்கம் ஒரே மனத்துக்குள் நிகழாமல் இரு பாத்திரங்களாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளது. வாசகர் ஓர் அத்தியாயத்தில் கணேஷின் பக்கமும் அடுத்ததில் வசந்தின் பக்கமும் சாய்கிறார். விளக்கம் தரப்பட்ட பின்னரும் அது எல்லாவற்றையும் மூடிவிடவில்லை என்ற உணர்வு எஞ்சுகிறது. இந்நாவல் இன்றளவும் பேசப்படுவதற்கு இவ்வெச்சமே காரணம் எனத் தோன்றுகிறது.

இங்கு மேலும் ஒன்றை நுணுகி நோக்க வேண்டும். ஹோலோகிராபியின் கருத்தை டென்னிஸ் காபர் 1940களின் இறுதியில் முன்வைத்தார்; அதற்காக 1971இல் நோபல் பரிசு பெற்றார். லேசர் ஒளி கிடைத்த 1960களுக்குப் பிறகே அது நடைமுறையில் வளர்ந்தது. 1980களின் தமிழ் வார இதழ் வாசகருள் ஹோலோகிராமை நேரில் கண்டவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். ஒளிப்பதிவுத் தகட்டின் துணையோடு காணும் உருவத்திற்கும், திறந்த வெளியில் நடமாடும் உருவத்திற்கும் இடையே பெரும் தொழில்நுட்ப இடைவெளி உண்டு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே பேய்க்கு மாற்றாக ஹோலோகிராம் என்ற விடையை வாசகர் ஏற்கும்போது அவர் அதனை அறிந்து ஏற்கவில்லை, நம்பி ஏற்கிறார். பூசாரியின் சொல்லை நம்பிய இடத்தில் பொறியாளரின் சொல்லை நம்புகிறார். மிக முன்னேறிய தொழில்நுட்பம் மாயத்திலிருந்து பிரித்தறிய முடியாதது என்ற கருத்தைக் கூறியவர், இலங்கையில் வாழ்ந்து மறைந்த அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க். சுஜாதாவின் நாவலில் அக்கருத்தின் மறுபக்கம் தெரிகிறது: புரியாத தொழில்நுட்பம் வாசகருக்கு மாயத்தின் பணியையே செய்கிறது.

இதனைக் கொண்டு அறிவியல் விளக்கமும் அமானுஷ்ய விளக்கமும் சமமானவை என்ற முடிவுக்கு வருவது பிழை. ஒரு வேறுபாடு உண்டு, அது அடிப்படையானது. ஹோலோகிராம் என்பதை வாசகர் நூலை மூடிவிட்டுச் சென்று சரிபார்க்கலாம். நூலகத்தில் தேடலாம், ஆசிரியரிடம் கேட்கலாம், சுஜாதாவே தவறாகச் சொல்லியிருக்கிறார் என்று கண்டுபிடிக்கவும் செய்யலாம். பேயைப் பொறுத்தவரை அவ்வழி இல்லை. அறிவியல் புனைகதை வாசகருக்குத் தரும் கொடை விளக்கம் அன்று. விளக்கத்தைக் கேள்வி கேட்கும் உரிமை. நல்ல நூல் அவ்வுரிமையை வாசகருக்கு நினைவூட்டுகிறது. தரம் குன்றிய நூல் கலைச்சொற்களை அடுக்கி அவ்வுரிமையை மழுங்கடிக்கிறது.

என் இனிய இயந்திரா: கடந்துபோன எதிர்காலம்

ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ 2021, 2022ஆம் ஆண்டுகளில் நிகழ்வதாக எழுதப்பட்டது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி, பிள்ளை பெற அரசின் அனுமதி, சுருக்கப்பட்ட பெயர்கள், முதியோர் வாழ்வுக்கு விதிக்கப்பட்ட எல்லை, காணாமற்போன கணவனைத் தேடும் நிலா, படிக்கவும் சிந்திக்கவும் வல்ல இயந்திர நாய் ஜீனோ. இவையே கதையின் உறுப்புகள். ‘மீண்டும் ஜீனோ’ இதன் தொடர்ச்சி.

அந்த ஆண்டுகள் இப்போது கடந்துவிட்டன. அறிவியல் புனைகதைக்கு இது ஒரு தனிச் சோதனை. சோதிடம் பலிக்காவிட்டால் சோதிடரின் மதிப்புக் குறையும். அறிவியல் புனைகதையையும் ஆரூடமாகவே கருதினால் ‘என் இனிய இயந்திரா’ பெரும்பாலும் பலிக்காத ஆரூடம்தான். ஆனால் இன்றைய வாசகர் அதனைப் படிக்கும்போது ஏமாற்றம் அடைவதில்லை. ஏனெனில் நாவல் பேசியது 2022ஐப் பற்றியன்று. இந்தியாவின் நெருக்கடி நிலைக் காலத்தில் (1975–1977) கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு நடந்த நினைவு மங்காதிருந்த வாசகரை நோக்கி, குடிமக்களின் உடலையும் குடும்பத்தையும் அரசு தன் கணக்கேட்டில் அடக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்ற வினாவை அது எழுப்பியது. எதிர்காலம் என்ற போர்வை, நேற்றைய அச்சத்தைப் பேசுவதற்குக் கிடைத்த பாதுகாப்பான இடம். சுவின் கூறும் அந்நியப்படுத்தல் இங்கே தமிழ்ச் சூழலுக்குரிய பொருளோடு நிறைவேறியுள்ளது.

இந்நாவலின் குறையும் கூறத்தக்கது. நிலாவைவிட ஜீனோவே சிந்திக்கும் பாத்திரமாக வளர்கிறது. துன்பம் நிலாவுக்கு, அறிவும் நகைச்சுவையும் இயந்திரத்திற்கு. தொடர்கதை வாசகரின் அன்பைப் பெற்றது ஜீனோ என்பதில் வியப்பில்லை. ஆயினும், மனிதரை எண்ணாக மாற்றும் அரசை எதிர்க்கும் நாவலில் மனிதப் பாத்திரம் மெலிந்தும் இயந்திரப் பாத்திரம் செழித்தும் நிற்பது நாவலின் வாதத்தையே ஓரளவு குறைக்கிறது. வேறொரு கோணத்தில் நோக்கினால், உயிரற்ற பொறிக்கு நாம் இரங்க முடியுமெனில் உயிருள்ள முதியோருக்கு ஏன் இரங்கவில்லை என்ற வினாவும் எழுகிறது. செயற்கை நுண்ணறிவோடு மாணவர்கள் நாள்தோறும் உரையாடும் இக்காலத்தில் அவ்வினாவுக்குக் கூடுதல் கூர்மை கிடைத்துள்ளது.

மர்மதேசம்: நம்பிக்கையின் பக்கம்

அமானுஷ்ய மர்ம நாவலைத் தமிழில் பெருவாரியான வாசகரிடம் கொண்டு சேர்த்தவருள் முதன்மையானவர், 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். 1990களில் சன் தொலைக்காட்சியில் நாகாவின் இயக்கத்தில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்’ தொடர்கள் அவர் புகழை வாசகர் வட்டத்திற்கு அப்பாலும் கொண்டு சென்றன. அவற்றுள் ‘விடாது கருப்பு’ அவரது ‘விட்டுவிடு கருப்பா’ என்னும் நாவலை அடிப்படையாகக் கொண்டது.

சிற்றூர் ஒன்றில் குற்றம் செய்தவர்கள் தண்டிக்கப்படுகின்றனர். தண்டிப்பது ஊர்க்காவல் தெய்வமான கருப்பா, மனிதக் கையா என்பதே கதையின் ஐயம். நகரத்திலிருந்து வரும் மருத்துவ அறிவு மனநோய் பற்றிய விளக்கத்தைக் கொண்டு வருகிறது. ஊரின் நம்பிக்கை தெய்வத்தின் விளக்கத்தைக் கைவிட மறுக்கிறது. இரண்டும் அருகருகே நிற்கின்றன. சுஜாதாவில் கணேஷும் வசந்தும் நின்ற இடங்களில் இங்கே நகரமும் ஊரும் நிற்கின்றன என்பது குறிப்பிடத்தக்க வேறுபாடு. ஐயம் தனிமனிதருடையதாக இல்லாமல் ஒரு சமூகத்தினுடையதாகிறது.

இக்கதையின் ஈர்ப்பைக் கருப்பின் குதிரைக் குளம்பொலியோடு முடித்துவிட இயலாது. சட்டம் தண்டிக்காத குற்றவாளியை யார் தண்டிப்பார் என்ற வினா அதன் அடியில் உள்ளது. அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கும் கள்வரும் இறையும் ஒருங்கே இடம்பெறுவதை முன்பு கண்டோம். ‘விடாது கருப்பு’ அம்மூன்றையும் ஓரிடத்தில் கூட்டுகிறது: கள்வர் உளர், தண்டிக்க வேண்டிய இறை, அதாவது அதிகாரம், செயலற்றுக் கிடக்கிறது, அவ்விடத்தை அணங்கு நிரப்புகிறது. தெய்வம் தண்டிக்கிறது என்று வாசகர் நம்ப விரும்புவதன் காரணம், வேறு யாரும் தண்டிக்கவில்லை என்பதே.

இவ்வகையின் பலவீனமும் இங்கிருந்தே பிறக்கிறது. அறிவியல் இன்று காண்பதைச் சித்தர்கள் அன்றே கண்டுவிட்டனர் என்ற வாய்பாடு அமானுஷ்ய நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நவபாஷாணம், இரசவாதம், ஓலைச்சுவடி மறைபொருள் ஆகியவை வினாக்களாக நுழைந்து பெருமிதமாக வெளியேறுகின்றன. சித்த மருத்துவத்தின் உண்மையான வரலாறு ஆய்வுக்குரியது. தமிழர் பெருமைக்கு உரிய பலவும் அதில் உண்டு. ஆனால் நாவல் ஐயத்தை எழுப்பி, முடிவில் ஐயத்திற்குப் பதிலாகப் புகழ்ச்சியைத் தந்து வாசகரை அனுப்பிவிட்டால், அது வாசகரின் அறிவைத் தூண்டவில்லை; தட்டிக்கொடுத்து உறங்கச் செய்கிறது. கலைச்சொற்களை அடுக்கும் அறிவியல் கதையின் குறையும் சுவடிகளை அடுக்கும் அமானுஷ்யக் கதையின் குறையும் ஒன்றே. இரண்டும் வினாவை முன்னதாகவே முடித்துவிடுகின்றன.

தொடர்கதை என்னும் வடிவம்

இந்நாவல்கள் பெரும்பாலும் வார இதழ்களில் தொடராகவோ மாத நாவலாகவோ பிறந்தவை. தொதரோவ் ஆராய்ந்த தயக்கம் நூலுக்குள் நிகழ்வது. தமிழ்த் தொடர்கதையின் தயக்கம் நாட்காட்டியில் நிகழ்வது. ஓர் அத்தியாயத்தின் இறுதியில் கதவு திறக்கிறது. உள்ளே யார் என்பதை அறிய ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளில் வாசகர் வீட்டிலும் அலுவலகத்திலும் தமக்குள் வாதிடுவர். தாமே விளக்கங்களைப் புனைவர். எழுத்தாளரின் விளக்கம் வருவதற்குள் வாசகரிடம் பல விளக்கங்கள் சேர்ந்துவிடும். ஆகவே இறுதி அத்தியாயத்தில் வரும் விடை ஏமாற்றமளிப்பது பெரும்பாலும் இயல்பே. அவசரமாக எல்லா முடிச்சுகளையும் அவிழ்க்கும் அவ்வத்தியாயமே இவ்வகை நாவல்களின் வலுக்குன்றிய பகுதி. எழுத்தாளரின் திறமைக்குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற இயலாது. வடிவம் வளர்த்த எதிர்பார்ப்பை எந்த ஒற்றை விடையாலும் நிறைவு செய்ய முடிவதில்லை. ஒரு வினாவைத் திறந்தே விட்டுச்செல்லும் படைப்புகள் மட்டும் புத்தகமான பின்னும் மறுவாசிப்பைத் தாங்கி நிற்கின்றன.

இவ்வட்டார வாசகரும் வகுப்பறையும்

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வாசகரை இந்நாவல்கள் தமிழகத்திலிருந்து இறக்குமதியான இதழ்கள் வழியாகவும் மாத நாவல்கள் வழியாகவும் வந்தடைந்தன. ஆயினும் அவர் வெறும் கையோடு அவற்றை எதிர்கொள்ளவில்லை. தோட்டப்புறங்களில் முனியாண்டி வழிபாடு வேரூன்றியிருந்தது. ‘விடாது கருப்பு’ காட்டும் காவல் தெய்வம் அவருக்கு அயலானதன்று. அண்டைச் சமூகத்தாரின் பொந்தியானாக், தோயோல் கதைகளும் அவர் செவியில் விழுந்தவையே. 1957இல் சிங்கப்பூரில் கேத்தே-கிரிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பது, இவ்வட்டாரத்தில் அச்சக்கதைகள் சமூக எல்லைகளைக் கடந்து வளர்ந்தமைக்கு ஒரு சான்று.

1980களில் மலாய் வாசகரிடம் பெருவரவேற்புப் பெற்ற தாமார் ஜாலிஸின் ஜின் கதைத் தொடரும், 1989 முதல் ரஸ்ஸல் லீ என்னும் பெயரில் வெளிவந்த சிங்கப்பூர்ப் பேய்க்கதைத் தொகுதிகளும் உண்மையனுபவம் என்ற அறிவிப்போடு அல்லது அத்தோற்றத்தோடு எழுதப்பட்டவை. அனுபவக் கூற்றிடம் விளக்கம் கேட்பதில்லை; கண்டதாகச் சொல்கிறார், கேட்டுக்கொள்கிறோம். தமிழ் மர்ம நாவலோ விளக்கம் தருவதாக ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. இவ்வொப்பந்தமே அதனை வகுப்பறைக்கு ஏற்றதாக்குகிறது.

நாவலின் நடுவில் ஓர் அத்தியாயத்தோடு வாசிப்பை நிறுத்தி, இதுவரை நிகழ்ந்தவை யாவை, அவற்றை விளக்கும் வழிகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் கதையில் உள்ள சான்று எது, கதைசொல்லி எதனை மறைக்கிறார் என்று மாணவரைக் கேட்கலாம். நெருங்கிய வாசிப்பு என்று நாம் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பது இதையன்றி வேறில்லை. சங்கப் பாடலின் இறைச்சியை உணர்த்த முயலும்போது தயங்கி நிற்கும் மாணவர், கொலையாளி யார் என்ற வினாவில் தாமாகவே சொற்களைத் திரும்பிப் பார்க்கிறார். அப்பழக்கம் அமைந்த பிறகு அவரை மணிமேகலையின் சுடுகாட்டுக்கு அழைத்துச் செல்வது கடினமன்று. சார்ங்கலன் கண்டது என்ன என்று கேட்கத் தொடங்கும் மாணவர், கோதமை கேட்டது என்ன என்பதற்கும் வந்து சேர்வார்.

எல்லா மர்ம நாவல்களையும் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அவற்றுள் பெரும்பாலானவை ஒருமுறை வாசிப்புக்கு மேல் தாங்கா. பெண் பாத்திரங்களைப் பலியாகவோ காட்சிப் பொருளாகவோ மட்டும் நிறுத்தும் வழக்கமும் அவற்றில் மிகுதி. எனவே தெரிவு வேண்டும்; தெரிவுக்கு அளவுகோல் வேண்டும். இலக்கியத் துறைகள் இந்நூல்களைப் புறக்கணித்ததால் அவை படிக்கப்படாமல் போகவில்லை. அளவுகோல் இன்றிப் படிக்கப்பட்டன. நல்லதையும் போலியையும் வேறுபடுத்திக் காட்ட யாரும் இல்லாத இடத்தில் மாணவர் தனித்து விடப்பட்டார். தமிழ் வாசிப்பே சுருங்கிவரும் இவ்வட்டாரத்தில் இது சிறிய இழப்பன்று.

முடிவுரை

அறிவியல் புனைகதையும் அமானுஷ்ய மர்ம நாவலும் எதிரெதிர்த் திசைகளில் செல்வன போலத் தோன்றினாலும், வாசகரை ஒரே இடத்தில் நிறுத்துகின்றன. அவ்விடம் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடைப்பட்ட ஐயம். மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கையும் அச்சமும் அங்கேதான் பிறக்கின்றன. ஐயத்தை எழுப்புதல் எளிது. கலைச்சொல்லாலோ பழம்பெருமையாலோ அதனை அடைத்துவிடுதலும் எளிது. ஐயம் நீங்கிய பின்னும் மனிதரைப் பற்றிய ஒரு வினா எஞ்சி நிற்குமாறு எழுதுதலே அரிது. கல்வி நம் அச்சங்களை நீக்கிவிட்டதா என்ற வினாவைப் புதுமைப்பித்தனும், குடிமக்களின் உடல் யாருக்குரியது என்ற வினாவைச் சுஜாதாவும், சட்டம் உறங்குமிடத்தில் நீதி எங்கே செல்லும் என்ற வினாவை இந்திரா சௌந்தர்ராஜனும் தத்தம் சிறந்த இடங்களில் விட்டுச் சென்றுள்ளனர். இவ்வினாக்களை மாணவரோடு அமர்ந்து பேசுவது தமிழாசிரியரின் பணியே.